விரலுக்கு ஆகாத கம்பி

"இது தொத்துமாங்க?"

அந்த அம்மா கேட்டபோது நான் அவருடைய மகளின் சுண்டுவிரலைப் பிடித்துக் கிட்டார் தந்தியின் மேல் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மற்ற பிள்ளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லீங்க. இது அலர்ஜிங்க. தொத்தாது."

"செரிங்க, செரிங்க. சும்மாதான் கேட்டனுங்க."

அடுத்த வாரம் அந்தச் சிறுமி வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவளோடு ஒரே ஆட்டோவில் வருகிற பிள்ளைகளும் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. என் கையை நானே பார்க்கக் கூசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இடது கையின் விரல் நுனிகளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதலில் அரிப்பு. பிறகு கடுகளவு கொப்புளங்கள். அவை நீர் கோத்து உடைந்து, காய்ந்து, தோல் தடித்து வெடிக்கும். வெடிப்புக்குள் சதை சிவப்பாகத் தெரியும். பூண்டு உரிக்க முடியாது. புளி கரைக்க முடியாது. ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டில் நாங்கள் இருவர்தான். சமையலை என் கணவர் ஏற்றுக்கொண்டார். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவருக்கு வேலை. விடியும் முன்பே எழுந்து குழம்பு வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார். நான் அடுப்படியில் கைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், மருதாணி வைத்துக்கொண்டவள் மாதிரி.

கோவையில் கணபதிப் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் லேத் பட்டறைகள், பம்ப் செட் உதிரி பாகம் செய்யும் சின்னச் சின்ன யூனிட்டுகள். பகல் முழுக்க இரும்பு கடையும் சத்தம் இருக்கும். மாலையில் அது அடங்கும்போது எங்கள் முன்னறையில் கிட்டார் வகுப்பு தொடங்கும். கல்லூரி விடுதியில் தோழி ஒருத்தியிடம் விளையாட்டாகக் கற்றுக்கொண்டது. கொஞ்ச காலம் ஆபீஸ் வேலை பார்த்தேன். அது என்னைத் தின்றுவிடும் போலிருந்தது. விட்டுவிட்டு இந்த முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். அதன் பிறகு நான் என்னவாக இருக்கிறேன் என்று யார் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலுக்குத்தான் இப்போது ஆபத்து.

முதலில் பார்த்த டாக்டர் பாத்திரம் கழுவும் சோப்பு என்றார். சோப்பை மாற்றினோம். இரண்டாவது டாக்டர் காளான் தொற்று என்று களிம்பு கொடுத்தார். களிம்பு பூசினால் சில நாள் அடங்கும். அடங்கியதே என்று வாசிப்பேன். மறுபடி வெடிக்கும். விரல்களில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். தந்தி பேச மறுத்தது, துணிக்குள் பேசுகிறவன் குரல் போல வந்தது. ரப்பர் உறை மாட்டிப் பார்த்தேன். உள்ளே வியர்த்து இன்னும் மோசமாயிற்று.

மூன்றாவதாகப் போனது ஒரு பெண் டாக்டரிடம். அவர்தான் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலது கைக்கு ஒண்ணுமே இல்லீங்களே. இடது கைல மட்டும் எதைத் தொடுவீங்க?" என்று கேட்டார். கிட்டார் என்றேன். எது ஆகவில்லை என்று பார்க்க, முதுகில் வரிசையாக ஏதேதோ மருந்துப் பொட்டுகளை ஒட்டி, சில நாள் கழித்து வரச் சொன்னார். குளிக்காமல், முதுகைச் சுவரில் சாய்க்காமல், அந்த நாட்களைக் கழித்தேன். திரும்பப் போனபோது ஒரே ஒரு இடம் மட்டும் தடித்துச் சிவந்து கொப்புளம் கண்டிருந்தது.

"நிக்கலுங்க" என்றார்.

"இத்தன வருசமா இல்லாதது இப்ப எப்படிங்க?"

"எப்ப வேணா வரும். ஒடம்பு பொறுத்துக்கிட்டே இருக்கும், ஒரு நாளைக்குப் போதும்னு சொல்லிரும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "கிட்டாரைக் கொஞ்ச மாசம் தொடாதீங்க. ஆறிரும்."

"அப்புறம் வாசிக்கலாங்களா?"

"அதே கிட்டார்னா திரும்ப வரும்."

"எப்பவுமேவா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நிக்கல் ஒருவாட்டி ஆகாமப் போயிருச்சுன்னா, பொதுவா ஆயுசுக்கும் ஆகாதுங்க."

பேருந்தில் வரும்போது ஜன்னலோரக் கம்பியைப் பிடிக்காமல் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டேன். எந்தக் கம்பியில் என்ன இருக்கிறதோ! ஊரே கம்பியால் ஆனது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தந்திகளைத்தான் சந்தேகப்பட்டேன். கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வெண்கலத் தந்தி போட்டேன். சில நாள் கழித்து மறுபடி அதே கொப்புளம். அன்று மாலை கணவர் வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மணி, நாளைக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு வாரேன். பொறு" என்றார்.

அவருக்குக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. துணியை அல்ல, துணியில் தைக்கிற பொத்தான், ஜிப், கொக்கி இவற்றை. ஐரோப்பாவுக்குப் போகிற சட்டையின் பொத்தானில் நிக்கல் கசியக் கூடாது. அதைப் பார்க்க ஒரு மருந்து உண்டு. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும். இத்தனை ஆண்டுகளாக அவர் அந்த வேலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் என் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிருந்தது. மறுநாள் மேலதிகாரியிடம் கேட்டு அந்தக் குப்பியை வாங்கி வந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் வாடை வந்தது.

தந்தியில் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு தந்தியாகத் தேய்த்தார். எல்லாம் வெள்ளை.

"அப்ப இந்தக் கம்பியெல்லாம் என்ன?" என்று கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளைக் காட்டினார். ஃபிரெட் என்று அவற்றைச் சொல்வோம். தந்தியை இவற்றின் மேல் அழுத்தித்தான் சுரம் எழுப்ப வேண்டும். விரல் தந்தியை மட்டுமா தொடுகிறது? தந்தியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நுனி இந்தக் கம்பியிலும் உரசுகிறது, வியர்வையோடு. முதல் சில ஃபிரெட்டுகள் தேய்ந்து, தந்தி படும் இடத்தில் பள்ளமே விழுந்திருந்தது. அவ்வளவு உலோகமும் எங்கே போயிருக்கும்!

அவர் பஞ்சை முதல் ஃபிரெட்டில் வைத்துத் தேய்த்தார். எடுத்துக் காட்டினார். பன்னீர் ரோஜா நிறம்.

இருவரும் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். காரணம் தெரிந்துவிட்டதில் வந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. என் கையைத் தின்றது என் கிட்டாரேதான்.

காந்திபுரத்தில் ஒரு இசைக்கருவிக் கடையின் பின்கட்டில் கிட்டார் பழுது பார்ப்பவர் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். கிட்டாரை வாங்கிக் கண்ணருகே பிடித்துக் கழுத்து நெடுக ஒரு பார்வை பார்த்தார்.

"எப்படியும் ஃபிரெட்டு மாத்துற நெலமைலதானுங்க இருக்குது. நிக்கல் சில்வர் போட்டுத் தந்தர்றனுங்க."

"சில்வர்னா வெள்ளிங்களா?"

"பேருதானுங்க சில்வரு. வெள்ளியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. செம்பு, துத்தநாகம், நிக்கலு. எல்லாக் கிட்டார்லயும் இதுதானுங்க வரும். உங்குளுதுலயும் இதுதான்."

கையை நீட்டிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொன்னார். நிக்கல் இல்லாமல் தங்க நிறத்தில் ஒரு செம்புக் கலவைக் கம்பி உண்டு, தம்மிடம் இல்லை, ஆன்லைனில் கிடைத்தால் வாங்கித் தரலாம். அது நிக்கல் சில்வரைவிடக் கொஞ்சம் கெட்டி, நாதமும் இதமாக இருக்கும். இன்னொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அது தேயவே தேயாது. ஆனால் அதைத் தொட மாட்டேன் என்றார்.

"ஏனுங்க?"

"ஒரு கிட்டாருக்குப் பண்ணுனா என்ற அரமெல்லாம் மொட்டையாயிருமுங்க. போன தடவ ஒருத்தருக்குப் பண்ணிப்போட்டு, கட்டரோட வாயே ஒடஞ்சு போச்சுங்க. தங்கக் கலரு வாங்கிட்டு வாங்க, போட்டுத் தாரேன்." சாம்பிளுக்கு இருக்கட்டும் என்று பழைய நிக்கல் சில்வர் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

தங்க நிறக் கம்பியைத் தேடித் தேடி ஒரு இடத்தில் பிடித்தேன். வருகிறது வருகிறது என்று காத்திருந்த நாட்களில் கிட்டாரைத் தொடவில்லை. வகுப்பில் வாயால் சொல்லிக் கொடுத்தேன். "மூணாவது தந்தி, ரெண்டாவது கட்டம், மோதிர விரல்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள், வாசித்துக் காட்டு என்பது போல. காட்ட முடியாது. கிட்டார் வாசிக்காத கிட்டார் டீச்சரிடம் எத்தனை நாளைக்கு வருவார்கள்? ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். பரீட்சை என்றார்கள், டியூஷன் என்றார்கள். மாலையில் பட்டறைச் சத்தம் அடங்கிய பிறகு எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

கம்பி வந்தது. அழகாக, தாலிக்கொடி மாதிரி மின்னியது. கணவர் குப்பியைத் திறந்தார். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்ல நினைத்தேன். தேய்த்தார். முதலில் ஒன்றுமில்லை. அழுத்தித் தேய்த்ததும் பஞ்சு மெல்ல ரோஸாகியது. மேலே தங்க நிறப் பூச்சு, அடியில் வேறு ஏதோ. எவனோ பெயரை மட்டும் ஒட்டி விற்றிருக்கிறான்.

நான் அன்று சாப்பிடவில்லை. அவர் தட்டில் போட்டு வைத்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "எனக்கு வேற என்ன தெரியுமுங்க?" என்று கேட்டேன். "சொல்லுங்க. வேற என்ன தெரியும்?" அவர் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் அவர் மேல் எரிந்து விழுந்திருப்பேன்.

பிறகு அவர்தான் ஸ்டெயின்லெஸ் பேச்சை எடுத்தார். அதிலும் நிக்கல் இருக்கிறதே என்றேன். நான் படித்துவிட்டிருந்தேன், அந்த நாட்களில் எனக்குப் படிப்பதைத் தவிர வேலை இல்லை.

"எவர்சில்வர் டம்ளர்லதான தினமும் காப்பி குடிக்கிற. ஒதடு வெந்துச்சா?" என்றார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னார், ஸ்டெயின்லெஸ்ஸில் நிக்கல் உண்டு, ஆனால் வெளியே கசியாது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. "பெரும்பாலும்தானுங்க. உங்களுக்கு எப்படின்னு நான் உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த 'பெரும்பாலும்' என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பெங்களூரிலிருந்து ஸ்டெயின்லெஸ் கம்பி வரவழைத்தோம். பஞ்சு வெள்ளையாகவே நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. காந்திபுரத்துக்காரர் கொடுத்த நிக்கல் சில்வர் துண்டை வலது முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஸ்டெயின்லெஸ் துண்டை இடது முழங்கையில். டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் திட்டுவார்.

மறுநாளே வலது பக்கம் தினவெடுத்தது. அதற்கடுத்த நாள் கணவர் இரண்டையும் உரித்தார். வலது கையில் அந்தக் கம்பி கிடந்த வடிவத்திலேயே ஒரு சிவந்த கோடு, மேலெல்லாம் கொப்புளம். இடது கையில் பிளாஸ்திரியின் பசைத் தடம் மட்டும். அவர் அந்த இடத்தைத் தன் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் சிரித்தோம்.

கம்பியை எடுத்துக்கொண்டு காந்திபுரம் ஓடினேன். கையைக் கூப்பாத குறையாகக் கேட்டேன். அரமெல்லாம் நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அரம் மட்டுமில்லீங்க. சீசனுங்க இது, கோயில் திருவிழா, ஆர்க்கெஸ்ட்ரான்னு குமிஞ்சு கெடக்குது பாருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. என்னால ஆகாதுங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சுற்றிலும் கீபோர்டும் டிரம்மும் அம்பாரமாகக் கிடந்தன. சென்னையில் ஒரு இடத்தில் விசாரித்தேன். கிட்டாரைப் பார்சலில் அனுப்புங்கள், பல மாதம் ஆகும் என்றார்கள். பல மாதம் கழித்து எனக்கு வகுப்பே இருக்காது.

"நானே பண்றனுங்க" என்றேன் வீட்டுக்கு வந்து.

"கை இந்த நெலமைலயா?"

"கை இந்த நெலமைல இருக்கறதாலதானுங்க பண்றேன்."

பக்கத்துத் தெருப் பட்டறையில் ஒரு கொறடு வாங்கி, அதன் வாயைத் தட்டையாகச் சாணை பிடித்துக் கொடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார் பட்டறைக்காரர். கிட்டாருக்கு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. சால்டரிங் இரும்பால் பழைய ஃபிரெட்டைச் சூடாக்கி, கொறடால் ஓரத்தில் கவ்வி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தூக்க வேண்டும். வீடியோவில் பார்த்தால் பல் பிடுங்குவதைவிட எளிதாக இருந்தது. முதல் ஃபிரெட் வந்தபோது அதோடு சேர்ந்து ரோஸ்வுட் பலகையிலிருந்து ஒரு சில்லும் பெயர்ந்து வந்தது.

அந்தச் சில்லைத் தரையில் தேடி எடுத்துப் பசை வைத்து ஒட்டினேன். அடுத்ததை இன்னும் மெதுவாக எடுத்தேன். அதிலும் ஒரு சில்லு. எல்லாவற்றையும் பிடுங்கி முடித்தபோது கிட்டாரின் கழுத்து எலி கடித்த வாழைப்பழம் போல இருந்தது. உள்ளே போட்டிருந்த பருத்திக் கையுறையில் ரத்தம் ஊறி விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் உரிக்க முடிந்தது.

பிறகு புதிய கம்பி. அளவாக வெட்ட வேண்டும், பலகையில் குறுக்கே அறுத்திருக்கும் பள்ளத்தில் வைத்துப் பிளாஸ்டிக் சுத்தியால் தட்ட வேண்டும். ஸ்டெயின்லெஸ் எளிதில் வளைந்து கொடுக்காது. ஒரு முனையைத் தட்டினால் மறுமுனை எழும்பும். கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார், நான் தட்டினேன். மாலைக்குள் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டோம். கடைசியில் நிமிர்த்திக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன்.

கழுத்து பின்பக்கம் வளைந்துவிட்டிருந்தது. வில் மாதிரி. கழுத்தை நேராக வைக்க அதன் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் தளர்த்தினேன். முழுக்கத் தளர்த்தியும் நேராகவில்லை. சும்மா ஒரு தந்தியை மாட்டிப் பார்த்தேன். அது எல்லா ஃபிரெட்டிலும் படுத்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்றது. எங்கே அழுத்தினாலும் அதே 'ஸ்ஸ்'.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனபின் கிட்டாரை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உச்சி வெயில். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வெயிலில் பிளந்து போகட்டும். அப்புறம் எனக்குப் போராட ஒன்றும் இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுத்தேன். அப்படிப் படுத்திருந்தபோது எனக்கு என் மேலேயே பயம் வந்தது. இந்தக் கிட்டாரைப் போலவே என்னையும் எங்கேயாவது கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு, அவ்வளவு அமைதியாக வந்தது. அதன் அமைதிதான் என்னை எழுப்பியது. மாடிக்கு ஓடினேன். கிட்டார் அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது. மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் லீவு சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் வந்துவிட்டார்.

வந்தவர் கிட்டாரைப் பற்றிப் பேசவில்லை. பச்சைப் பயறு கஞ்சி வைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும்தான் கேட்டார்.

"நீ அந்தக் கம்பிய அளந்து பாத்தியா?"

"இல்லீங்க."

"பள்ளத்த?"

"இல்லீங்க."

தடிமன் அளக்கும் வெர்னியரைக் கொண்டுவந்தார். கோவையில் பாதி வீடுகளில் அம்மிக்கல் இல்லாவிட்டாலும் வெர்னியர் இருக்கும். கம்பியின் கால், அதாவது பலகைக்குள் இறங்கும் பகுதி, பள்ளத்தைவிடத் தடிமன். ஒவ்வொன்றும் ஆப்பு மாதிரி இறங்கி மரத்தை விரித்திருக்கிறது. அத்தனை ஆப்பும் சேர்ந்து கழுத்தையே பின்னால் தள்ளிவிட்டிருக்கிறது. அளக்காமல் அடித்தவள் நான்.

"மறுபடி எல்லாத்தையும் புடுங்கோணும்" என்றேன்.

"புடுங்கலாம்."

"இன்னும் சில்லு பேரும்."

"பேந்தா ஒட்டலாம். உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அம்மணி. நான் ஊட்ல இல்லாதப்ப இதைத் தொடாத. சேந்து பண்ணலாம்."

அதன்படியே செய்தோம். அவர் வேலை முடிந்து வந்த பிறகு, விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஃபிரெட்டுக்கு மேல் இல்லை. மெல்லிய ரம்பத்தால் பள்ளத்தை ஒரு இழை அகலப்படுத்துவேன். அவர் அளப்பார். தட்டுவேன். நுனிகளை அரத்தால் தேய்ப்பது என் வேலை. ஸ்டெயின்லெஸ் தேய மறுக்கும், அரம்தான் தேயும். வாங்கிய அரங்களெல்லாம் மொட்டையாகிக் குப்பைக்குப் போயின. காந்திபுரத்துக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம் என்று அப்போது புரிந்தது. அவரிடம் எனக்கிருந்த கோபமும் அந்த அரங்களோடு போயிற்று.

கழுத்து நேராகிவிட்டது. முழுக்க நேரில்லை, ஆனால் வாசிக்கலாம். இந்த வேலை நடந்த வாரங்களில் தந்தியை அழுத்தாததால் விரல்களும் ஆறியிருந்தன. புதுத் தோல், வெங்காயச் சருகு மாதிரி மெல்லியதாக. இத்தனை வருடம் வாசித்துக் காய்த்துப் போயிருந்த தழும்பெல்லாம் உரிந்து போய்விட்டது. புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவளின் விரல்.

தந்தி மாட்டி முதல் முறை மீட்டியபோது எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. நாதம் கண்ணாடி மாதிரிப் பளீரென்று வந்தது. பழைய கிட்டாரின் தொண்டையில் ஒரு கரகரப்பு உண்டு, அது போய்விட்டது. பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் தலையாட்டினார்.

நாதத்தைப் பற்றிக் கவலைப்பட அப்போது எனக்குத் தெம்பில்லை. கொப்புளம் வருமா, வராதா? நிக்கல் உடனே காட்டிக்கொடுக்காது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். முதல் நாள் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். பாத்திரம் தொட்டால் அரிப்பது போலிருக்கும். துணி தொட்டால் அரிப்பது போலிருக்கும். வெளிச்சத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிறகு அரை மணி நேரம் வாசித்தேன். காத்திருந்தேன். பிறகு ஒரு மாலை முழுக்க. ஒன்றுமில்லை.

ஒரு வாரம் கழித்துக் காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தேன். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் சிவப்பு, அதே கடுகுக் கொப்புளங்கள். பிரஷ் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பெரும்பாலும் என்றாரே, அந்தப் பெரும்பாலும் இல்லாத மிச்சத்தில் நான் இருக்கிறேன். போய்க் கணவரின் முன்னால் கையை நீட்டினேன்.

அவர் கையை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அம்மணி, இது எந்தக் கை?"

"என்னங்க?"

"நீ கிட்டாரை அழுத்தறது எந்தக் கைல?"

இடது. அவர் பிடித்திருந்தது என் வலது கை.

பதற்றத்தில் எனக்கு இடது வலதுகூடத் தெரியாமல் போயிருந்தது. இடது கையைத் திருப்பிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. வலது கையில் தந்தியை மீட்டுவேன், ஆனால் தந்தியில் நிக்கல் இல்லை என்று முன்பே பார்த்திருக்கிறோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நான் எதைப் பிடிக்கிறேன்? அவர் வீடு முழுக்கத் தேய்த்துக்கொண்டே போனார். கரண்டி, தாழ்ப்பாள், பேனா, கத்தரிக்கோல். ஸ்கூட்டர் சாவியில் பஞ்சு ரோஸானது. கை வெடித்ததிலிருந்து நிறுத்தி வைத்திருந்த வண்டியை, ஆறியதும் மறுபடி எடுக்க ஆரம்பித்திருந்தேன். அவர் சாவியின் தலையில் ரப்பர் உறை போட்டுக் கொடுத்தார். சில நாளில் அந்தச் சிவப்பு அடங்கியது. அந்தக் காலையில், சாவிதான் காரணம் என்று தெரிந்ததும் நான் குளியலறை வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து, சாவிக்கா இந்த அழுகை என்றார் அவர். சாவிக்குத்தான் என்றேன்.

இப்போது வகுப்பு மறுபடி நடக்கிறது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. சிலர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். புதிதாகப் பல்லடத்திலிருந்து ஒருவர் வருகிறார், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், என்னைவிட மூத்தவர். பஸ் பிடித்து வந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, பிள்ளைகளோடு பாயில் உட்காருவார். தந்தி விரலை அறுக்கிறது என்று முதல் வாரம் புலம்பினார். "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது" என்றேன். அவர் நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். என் விரல் இன்னும் முழுக்கக் காய்க்கவில்லை, வகுப்பு முடியும்போது நுனியெல்லாம் கனன்று கிடக்கும். வெடித்து ஆறிய இடது ஆள்காட்டி விரலில் நகம் கோணலாகத்தான் வளர்கிறது, இனி நேராகாது என்கிறார் டாக்டர். கழுத்துப் பலகையில் ஒட்டிய சில்லுகள் விரலில் தட்டுப்படுகின்றன. பழைய நாதம் வரவில்லை. நேற்று மாலை ஐந்தாவது ஃபிரெட்டின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. பல்லடத்துக்காரரிடம் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி இறக்கிவிட்டு, பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.